ஏரிக்கரையில் விளக்கேற்றியவர்கள்



வெளிச்சவீடு என்றதும் எங்களுக்குக் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். பருத்தித்துறை முனையிலே நிற்கும் கோபுரம், மட்டக்களப்பு முகத்துவாரப் பக்கத்துக் கோபுரம், இப்படி ஏதாவது ஒன்று கண்ணுக்குள் வந்து போகும். ஏரிக்கரையில் வெளிச்சவீடு இருந்தது என்று முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளத்துக்கும் வாவிக்கும் யாராவது வெளிச்சவீடு கட்டுவார்களா?

கட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் நான் சொல்லும் ஏரி எங்கள் கணக்கில் ஏரியே அல்ல. அமெரிக்காவின் வடக்கே இருக்கும் மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஏரியின் நீளம் 490 கிலோமீற்றர் வரையில். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை கோடு போட்டால்கூட அவ்வளவு வராது. ஆழமான இடத்தில் 281 மீற்றர். தண்ணீர் மட்டும் உப்பில்லை, மற்றெல்லாம் கடலைப் போலத்தான். நவம்பர் மாதத்தில் அங்கே அடிக்கும் புயலில் பெரிய கப்பல்களே உடைந்து போயிருக்கின்றன. அதைப்போல இன்னும் நான்கு பேரேரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோதுமை, மரம், இரும்புத்தாது எல்லாம் இந்த ஏரிகளின் வழியாகத்தான் பாய்க்கப்பல்களில் போய் வந்தன. அதனால் கரையோரம் முழுவதும் வெளிச்சவீடுகளைக் கட்டினார்கள். அமெரிக்காவிலேயே அதிக வெளிச்சவீடுகள் உள்ள மாநிலம் எது என்று கேட்டால், கடலையே காணாத மிச்சிகன் மாநிலம்தான். நூற்றுக்கும் மேல் அங்கே உண்டு.

அந்த விளக்குகளில் சிலவற்றைப் பெண்கள் ஏற்றினார்கள். சிலர் பத்து வருடம், சிலர் நாற்பது வருடம். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள். அவர்களுடைய கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போனபோது ஒரு விடயம் திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது. வேலையை அவர்கள் எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வேலை எந்த நாளில் அவர்களுடைய சொந்தப் பெயரில் எழுதப்பட்டது என்பதில்தான் அவர்களுடைய சாப்பாடும் கூரையும் தங்கியிருந்தன. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். விளக்கேற்றுவதுதானே, இதிலென்ன என்று நினைக்க வேண்டாம். பொழுது பட்டதும் ஏற்ற வேண்டும், விடியும் வரை அணையாமல் பார்க்க வேண்டும். அதுதான் சட்டம். இடையிலே எழும்பிப் போய்த் திரியைக் கத்தரிக்க வேண்டும். விளக்கைச் சுற்றி, பட்டை பட்டையாக வெட்டிய கண்ணாடித் துண்டுகளை அடுக்கிய ஒரு பெரிய வில்லை இருக்கும். பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி பிரெனெல் கண்டுபிடித்தது. ஒரு சின்னச் சுடரின் ஒளியை ஒன்றாகத் திரட்டிப் பல மைல் தூரத்துக்கு அனுப்பும். அதில் கரி படிந்தால் ஒளி மங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் அதைத் துடைக்க வேண்டும். உடுப்பிலுள்ள ஊசியோ பொத்தானோ பட்டுக் கண்ணாடியில் கீறல் விழக்கூடாதென்று மேலே துணி கட்டிக்கொண்டுதான் துடைப்பார்கள். பகலில் விளக்கறையின் திரையை இழுத்து மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூரிய ஒளி அந்த வில்லைக்குள் புகுந்து ஒன்றாகக் குவிந்து நெருப்பே பிடித்துவிடும்.

தொண்ணூறுகளில் வடக்கில் வாழ்ந்த சகோதரிகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் விலைக்கு வாங்க முடியாமல், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நீங்கள். திரி ஒரு நூல் கூடினால் புகை, குறைந்தால் இருட்டு என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அவர்களுக்கு இன்னொரு கரைச்சலும் இருந்தது. ஆரம்ப காலத்தில் எரித்தது பன்றிக் கொழுப்பில் எடுத்த எண்ணெய். குளிர் கூடினால் அது நெய் உறைவதுபோல உறைந்துவிடும். அடுப்பிலே காய்ச்சிச் சூட்டோடு தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். மண்ணெண்ணெய் பிறகுதான் வந்தது. மார்கழியில் ஏரி உறைந்து கப்பல்கள் நின்றுவிட்டால் மட்டும் வசந்தம் வரும்வரை விளக்குக்கு ஓய்வு.

இந்த வேலையை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது. அரசாங்கம் சம்பளம் கொடுத்தது ஒருவருக்கு, வேலை செய்தது குடும்பம் முழுவதும். எங்களூரில் வள்ளம் ஒருவர் பெயரில் இருக்கும். வலை தெரிவதும் மீன் காயவைப்பதும் விற்பதும் வீட்டுப் பெண்கள். அப்படித்தான் அதுவும்.

மிச்சிகன் ஏரிக்கு வடக்கே சுப்பீரியர் ஏரி. அதன் கரையில் மார்க்கெற் என்ற ஊரின் வெளிச்சவீட்டுக்குப் பொறுப்பாக நெல்சன் ட்ரக்கி என்பவர் இருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் 1862இல் அவர் போருக்குப் போய்விட்டார். மனைவி பிள்ளைகளோடு அங்கேயே இருந்து, 1865இல் போர் முடியும்வரை விளக்கை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார். பதவியோ கணவருடைய பெயரிலேதான் இருந்தது. போருக்குப் போன ஆண்களின் பட்டியலிலும் அவர் பெயர், வெளிச்சவீட்டுப் பொறுப்பாளர் பட்டியலிலும் அவர் பெயர். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரு மனிதர் நிற்க முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லைப் போலும்.

மில்வோக்கி நகரத்தின் வடமுனை வெளிச்சவீட்டிலும் இதே கதை. அங்கே பொறுப்பாளராக இருந்த முதியவர் நோயாளியானதும் 1874இலிருந்து அவருடைய மகள் ஜோர்ஜியா ஸ்ரெபின்ஸ் எல்லாவற்றையும் செய்தார். நியமனம் அவர் கைக்கு வந்தது 1881இல். ஏழு வருடங்கள் அப்பாவின் பெயரில் செய்த வேலை. பிறகு 1907 வரை தன் பெயரில். ஏரியின் அலை கரையை அரித்துக்கொண்டு வந்ததால் 1888இல் அந்தக் கோபுரத்தையே பின்னுக்குத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். கோபுரம் மாறியும் ஜோர்ஜியா மாறவில்லை.

இனி எலிசபெத் விற்னியின் கதை. மிச்சிகன் ஏரியின் வடபகுதியில் பீவர் தீவு என்றொரு தீவு இருக்கிறது. எலிசபெத் சின்ன வயதிலேயே அங்கே வளர்ந்தவர். அந்தத் தீவுக்கு ஒரு காலத்தில் ஒரு மதக்குழு வந்து குடியேறியது. அதன் தலைவர் ஜேம்ஸ் ஸ்ராங் 1850இல் தனக்குத்தானே முடி சூட்டிக்கொண்டு அரசனாக இருந்தார். அந்தக் குழுவைச் சேராத குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. எலிசபெத்தின் குடும்பமும் வெளியேறியது. 1856இல் ஸ்ராங் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அவருடைய ஆட்களைத் தீவிலிருந்து துரத்தினார்கள். முதலில் இவர்கள் இடம்பெயர்ந்தார்கள், பிறகு அவர்கள் இடம்பெயர்ந்தார்கள். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

எலிசபெத் வளர்ந்து கிளெமென்ற் வான் றைப்பர் என்பவரை மணந்தார். 1869இல் தீவின் துறைமுக வெளிச்சவீட்டுக்குக் கணவர் பொறுப்பாளரானார். அவருக்கு உடம்பு சுகமில்லை. ஆகவே விளக்குகளையும் வில்லையையும் தானே கவனித்துவந்ததாக எலிசபெத் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார்.

1872ஆம் ஆண்டு, புயலடித்த ஓர் இரவில் ஒரு பாய்க்கப்பல் துறைமுகத்துக்கு அருகே ஆபத்தில் மாட்டிக்கொண்டது. அதிலிருந்தவர்களைக் காப்பாற்றப் படகில் போன கிளெமென்ற் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத மரணம் என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தத் துயரத்திலிருந்து தன்னை எழுப்பியது ஒரே ஒரு நினைப்புத்தான் என்று எலிசபெத் எழுதியிருக்கிறார்: தனக்குரியவர் போய்விட்டாலும் தண்ணீரிலே இன்னும் மற்றவர்கள் இருக்கிறார்களே என்ற நினைப்பு. இந்த இடத்தைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். உருக்கமான இடம், உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்ததாக அவர் சொல்லும் விடயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. சில வாரங்களுக்குள் நியமனக் கடிதம் அவருடைய பெயரில் வந்துவிட்டது.

அந்தக் கடிதம் வந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிச்சவீட்டோடு சேர்ந்த வீடு அரசாங்கத்துடையது. புதிய பொறுப்பாளர் வந்தால் கணவனை இழந்த பெண் அடுத்த மாதமே பெட்டியைக் கட்ட வேண்டும். சம்பளமும் நின்றுவிடும். கணவனோடு வீடும் உழைப்பும் ஒரேயடியாகப் போகும். பல பெண்களுக்கு அப்படித்தான் போனது. சிலருக்கு மட்டும் இந்தக் கடிதம் வந்தது. அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று சொல்வார்கள். இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் வேலை தெரிந்த ஒரு ஆள் அந்த இடத்திலேயே இருக்கிறார், புதியவரைப் பழக்கத் தேவையில்லை என்ற கணக்கும் அதில் உண்டு. தான் எண்ணெய் ஊற்றித் திரி வெட்டிப் பழகியிருந்ததுதான் எலிசபெத்துக்கு உதவியது.

1875இல் அவர் டானியல் வில்லியம்ஸ் என்பவரை மறுமணம் செய்தார். பதவி எலிசபெத்திடமே இருந்தது. கணவர்தான் மனைவியின் வெளிச்சவீட்டில் வந்து குடியிருந்தார். 1884இல் எலிசபெத் தானாகவே இடமாற்றம் கேட்டு, பெருநிலத்தில் ஹார்பர் ஸ்பிறிங்ஸ் பக்கத்தில் புதிதாகக் கட்டிய லிற்றில் டிராவேர்ஸ் வெளிச்சவீட்டுக்குப் போனார். அங்கே 1913 வரை இருந்தார். இரண்டு இடத்திலுமாக 41 வருடங்கள். தன் வாழ்க்கையையும் பீவர் தீவின் கதையையும் 1905இல் புத்தகமாகப் போட்டார். 1938இல் கணவனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராகச் சில மணித்தியால இடைவெளியில் இறந்தார்கள்.

மறுமணம் செய்தவர்கள் எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. பக்கத்து ஏரியான ஹூரோனில் விழுகிறது சாகினோ ஆறு. அந்த ஆற்று முகத்துவார வெளிச்சவீட்டில் ஜூலியா பிரோன் என்றொரு பெண் இருந்தார். கணவர் நடமாட முடியாத நோயாளி. ஜூலியாவும் மகனும்தான் வேலையைப் பார்த்தார்கள். 1873இல் கணவர் இறந்ததும் ஜூலியாவுக்கு நியமனம் கிடைத்தது. பிறகு ஜோர்ஜ் வே என்பவரை மணந்தார். உடனே புதுக்கணவர் பொறுப்பாளர் ஆனார், ஜூலியா அவருக்கு உதவியாளர் ஆக்கப்பட்டார். நேற்று வந்தவருக்கு அத்தனை வருடம் வேலை தெரிந்தவர் உதவியாளர்! அதோடும் முடியவில்லை. 1882இல் அந்த உதவியாளர் பதவியும் தேவையில்லையென்று நீக்கப்பட்டது. ஜூலியா அதற்குப் பிறகும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பார், எண்ணெயும் ஊற்றியிருப்பார். சம்பளப் பட்டியலில் மட்டும் இல்லை.

எலிசபெத்துக்கும் ஜூலியாவுக்கும் ஒரே காலம், ஒரே அரசாங்கம், ஒரே வேலை. ஒருவருக்குப் பெயர் நிலைத்தது, மற்றவருக்கு அழிந்தது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் பெண்ணின் உரிமை மேலதிகாரியின் மனதைப் பொறுத்துப் போய்விடுகிறது. கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை.

மேரி டெரியின் கதையில் வாயில் வந்த வெளிச்சவீடு பற்ற வைக்கப்படுவதற்கு முன்பே கணவர் போய்விட்டார். மிச்சிகன் ஏரியின் வடகரையில் எஸ்கனாபா என்ற துறைமுகம். இரும்புத்தாது ஏற்றும் இடம். அங்கே மணல்முனையில் புதிய வெளிச்சவீடு கட்டி முடியும் தறுவாயில், அதற்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஜோன் டெரி 1868 ஏப்ரலில் இறந்துபோனார். அடுத்த மாதம் விளக்கேற்றியாக வேண்டும். மேரிக்குப் பதவி வழங்கப்பட்டது. 1868 மே மாதம் அந்தக் கோபுரத்தில் எரிந்த முதல் விளக்கை ஏற்றியவர் அவர்தான்.

இந்தக் கட்டடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணமாகக் கோபுரம் தண்ணீர்ப் பக்கம் பார்த்து நிற்கும். இது கரைப் பக்கம் திரும்பி நிற்கிறது. வேண்டுமென்று அப்படிக் கட்டினார்களா, கொத்தனார் பிழைவிட்டாரா என்று ஊர் இன்றைக்கும் பேசிக்கொள்கிறது.

மேரி தனியாகப் பதினெட்டு வருடம் அங்கே வாழ்ந்தார். சிக்கனமானவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காசு சேர்த்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். 1886 மார்ச் மாதம் ஓர் இரவு வெளிச்சவீடு தீப்பற்றி எரிந்தது. மேரியின் உடல் படுக்கையறையில் இருக்கவில்லை, எண்ணெய் வைக்கும் அறையில் கிடந்தது. வெளிக்கதவு ஒன்றில் யாரோ நெருக்கித் திறந்த அடையாளம் இருந்தது. ஆனால் அவருடைய பொற்காசுகள் சாம்பலுக்குள்ளே அப்படியே கிடந்தன. கொள்ளையடிக்க வந்தவர்கள் கொன்றுவிட்டுத் தீ வைத்தார்களா, தற்செயலாக நடந்ததா என்று மரண விசாரணையில் முடிவு காண முடியவில்லை. காரணம் தெரியாது என்றே எழுதிவிட்டார்கள். தனியே வாழும் பெண்ணின் வீட்டுக் கதவைப் பற்றி இரவில் யோசிக்கிறவர்களுக்கு மேரியின் கதை சும்மா படித்துவிட்டுப் போகிற கதையாக இருக்காது.

கடைசியாக ஹரியெற் கொல்பக்ஸ். இவருக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஹரியெற் விதவையல்ல. கலியாணமே செய்யாதவர். 1824இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். தம்பியோ அண்ணனோ அல்ல முக்கியம், அந்தச் சகோதரன் மிச்சிகன் ஏரியின் தென்கோடியில், இண்டியானா மாநிலத்து மிச்சிகன் சிற்றி என்ற ஊரில் பத்திரிகை நடத்த வந்தபோது ஹரியெற்றும் கூட வந்தார். அச்சுக்கோர்த்தார், பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தார். பிறகு சகோதரனின் துணையும் இல்லாமல் போனது. ஆன் ஹாட்வெல் என்ற சிநேகிதி மட்டும் கூட இருந்தார். அவர் ஒரு ஆசிரியை.

1861இல் ஊர் வெளிச்சவீட்டுப் பொறுப்பாளர் பதவி ஹரியெற்றுக்குக் கிடைத்தது. வயது 37. வருடச் சம்பளம் 350 டொலர். எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஸ்கைலர் கொல்பக்ஸ் அப்போது பாராளுமன்ற உறுப்பினர், 1869இல் துணை ஜனாதிபதியாகவும் ஆனார். அந்தக் காலத்தில் ஆண்களுக்கும் இந்த உத்தியோகம் அப்படித்தான் கிடைத்தது. ஆட்சி மாறினால் பொறுப்பாளரும் மாறுவார். 1896இல்தான் அரசியல் சிபாரிசு இல்லாத முறைக்கு இந்தப் பதவிகள் வந்தன. சிபாரிசில் வந்தவர் என்று ஹரியெற்றைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஆனால் ஸ்கைலர் அரசியலை விட்டுப் போனார், இறந்தும் போனார். ஆட்சிகள் எத்தனையோ மாறின. ஹரியெற் மாறவில்லை. அதற்குப் பிறகும் அவரை அந்த இடத்தில் வைத்திருந்தது சிபாரிசாக இருக்க முடியாது.

1858இல் கட்டிய செங்கல் வீடு, கூரைக்கு மேலே விளக்கறை. அது மட்டுமென்றால் சமாளிக்கலாம். 1871இல் இன்னொரு விளக்கையும் அவர் தலையில் கட்டினார்கள். ஏரிக்குள்ளே 1,500 அடி நீளும் அணையின் நுனியிலே அது இருந்தது. ஒவ்வொரு மாலையும் காய்ச்சிய எண்ணெயைத் தூக்கிக்கொண்டு, மரத்தாலான நடைபாலத்தில் அந்த நுனிவரை நடக்க வேண்டும். காற்றடித்தால் அலை பாலத்துக்கு மேலால் வரும். குளிர்காலத்தில் தெறிக்கும் தண்ணீர் பலகையிலேயே பனிக்கட்டியாகிவிடும். போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் உறைந்துபோனால் திரும்பி வந்து மறுபடி காய்ச்ச வேண்டும். 1874இல் அந்த விளக்கை ஆற்றின் அக்கரையிலுள்ள அணைக்கு மாற்றினார்கள். பிறகு ஆற்றைப் படகில் கடந்துபோய்த்தான் அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. எந்த மேசையிலிருந்து யார் அந்த முடிவை எடுத்தாரோ, அவர் எண்ணெய் வாளியோடு ஒரு நாள் நடந்து பார்த்திருக்க மாட்டார். 1886ஆம் ஆண்டு வந்த புயலில் அந்த விளக்கையே ஏரி அடித்துக்கொண்டு போனது.

இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஹரியெற் எழுதி வைத்ததால்தான். பொறுப்பாளர்கள் தினப் பதிவேடு எழுத வேண்டுமென்பது விதி. காற்று எந்தத் திசை, என்ன கப்பல், எண்ணெய் எவ்வளவு. பலர் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். ஹரியெற் தன் அழகான கையெழுத்தில் புயலை எழுதினார், அணைக்குப் போய்வந்த சிரமத்தை எழுதினார், எண்ணெய் உறைந்ததை எழுதினார். முறைப்பாடாக எழுதவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினார். அதுவே பெரிய சாட்சியமாகிவிட்டது. தான் செய்த வேலையை மற்றவர் சொல்லட்டும் என்று விட்டிருந்தால் மார்க்கெற்றில் இருந்த அந்தப் பெண்ணைப்போல இவரும் ஒரு வரிக்குள் அடங்கியிருப்பார். கொப்பியோ, பழைய கலண்டர்த் தாளோ, எதிலாவது திகதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் நல்லது, சகோதரிகளே. கொடுத்த காசு, வாங்கிய பொருள், போன அலுவலகம், பார்த்த ஆள், அவர் சொன்ன பதில்.

அரசாங்கத்துக்கு 43 வருடம் உழைத்த ஹரியெற்றுக்கு அந்த அரசாங்கத்தைத் தெரிவுசெய்ய வாக்குரிமை இருக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு அது கிடைத்தது 1920இல்.

1904இல் கிழக்கு அணையின் நுனியிலே புதிய வெளிச்சவீடு எழுந்தது. மூடுபனியில் கப்பல்களுக்கு ஒலி எழுப்பும் இயந்திரமும் அதற்குள் வந்தது. பழைய வீட்டுக் கூரையிலிருந்த வில்லையைக் கழற்றி அங்கே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அந்த ஒக்டோபரில், எண்பதாவது வயதில், ஹரியெற் வேலையிலிருந்து விலக்கப்பட்டு வீட்டைவிட்டு வெளியேறினார்.

ஓய்வூதியம் ஒரு சதமும் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, வெளிச்சவீட்டில் உழைத்த எவருக்குமே அப்போது ஓய்வூதியம் இருக்கவில்லை. அதற்கான சட்டம் வந்தது 1918இல். 1907இல் விலகிய ஜோர்ஜியாவுக்கும் 1913இல் விலகிய எலிசபெத்துக்கும்கூட அது உதவவில்லை. பெயர் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, வீடும் கிடைத்தது. ஆனால் எல்லாம் கை கால் இயங்கும்வரைதான். ஹரியெற்றின் கதையில் என்னை நித்திரை கொள்ளவிடாத பகுதி புயலல்ல, இதுதான். எங்கள் சகோதரிகளில் எத்தனை பேர் தையல் நிலையத்திலும் மீன் வாடியிலும் தோட்டத்திலும் வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள், சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேட்கவே பயந்துகொண்டு. கேளுங்கள். உங்கள் பெயரில் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

1905 ஜனவரியில் ஆன் ஹாட்வெல் இறந்தார். ஏப்ரலில் ஹரியெற் இறந்தார். வெளிச்சவீட்டைவிட்டு வந்து ஆறு மாதம்.

பிறகு மின்சாரம் வந்தது, தானாக எரிந்து தானாக அணையும் விளக்குகள் வந்தன, பொறுப்பாளர் என்ற வேலையே இல்லாமல் போனது. 1939இல் வெளிச்சவீடுகள் எல்லாம் கரையோரக் காவற்படையின் கைக்குப் போயின. தேவையில்லாதவற்றைக் கைவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: பழைய வெளிச்சவீடுகளைப் பராமரிக்க முன்வரும் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் இலவசமாகக் கொடுக்கலாம், யாரும் வராவிட்டால் ஏலம் போடலாம் என்று. அதற்கு முன்பே சில ஊர்கள் விழித்துக்கொண்டன. மேரி டெரியின் வெளிச்சவீட்டை அந்த ஊர் வரலாற்றுச் சங்கம் திருத்தி 1990இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. மில்வோக்கியில் ஜோர்ஜியாவின் கோபுரம் 2007இலிருந்து அரும்பொருட்காட்சியகம். பீவர் தீவில் எலிசபெத் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். 1870இல் கட்டிய கோபுரம் மட்டும் துறைமுக வாயிலில் நின்று இன்னும் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது.

மிச்சிகன் சிற்றியில் 1904இல் கட்டிய அணைமுனை வெளிச்சவீடும் இன்னும் எரிகிறது. கரையிலிருந்து அதுவரை உயரத்திலே ஓர் இரும்பு நடைபாலம் போகிறது. அலை வந்தாலும் நனையாமல் போய்வரலாம். அது கட்டப்பட்டது ஹரியெற் வேலையைவிட்டுப் போன வருடம். அவருடைய பழைய வீடு 1973இலிருந்து அரும்பொருட்காட்சியகமாக இருக்கிறது. கழற்றிக்கொண்டு போன வில்லை திரும்பி வந்து இப்போது அந்த வீட்டுக்குள்ளே கண்ணாடிப் பட்டைகள் பளபளக்க நிற்கிறது. நாற்பத்துமூன்று வருடம் அவர் காலையில் துடைத்த அதே வில்லை.